வழிகாட்டியோடு ஒன்பது நாட்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் சமயம் கற்றவர்கள், தமிழ் கற்றவர்கள். நானோ மிசன் பாடசாலையில் படித்தவன். தேவாரத்தை வீட்டில் அப்பாயி பாடக் கேட்டிருக்கிறேனேயன்றி, வகுப்பிலிருந்து முறையாகக் கற்றவனல்லன். ஆதலால் காரியதரிசி அவர்கள் என்னை அழைத்து, "இம்முறை நீயும் ஏதாவது பேசத்தான் வேண்டும்" என்று கட்டளையிட்டபோது, எனக்கு நேரே தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தேன். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பல்கலைக்கழக விடுமுறையில், ஒரு வழிகாட்டியோடு ஒன்பது நாட்கள் நம் நாட்டைச் சுற்றி வந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். குற்றம் குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நான் பணம் செலவழித்துப் போகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு நமக்கு ஏது வசதி? மலேசியாவில் ஈப்போ நகரிலிருந்து தமிழர் பதினான்கு பேர் ஒரு கூட்டமாக இலங்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டி ஒரு சிங்களப் பெரியவர். ஆங்கிலம் மிக நன்றாகப் பேசுவார், தமிழ் தெரியாது. வந்தவர்களில் வயதான நால்வருக்கோ ஆங்கிலம் வராது. வழிகாட்டி சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல ஒரு பையன் வேண்டுமென்று கேட்டு, எங்கள் விடுதி அண்ணன் ஒருவர் மூலமாக அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. சாப்பாடு, தங்குமிடம், நாளொன்றுக்குச் சிறு தொகை. வழிகாட்டியை நான் "சேர்" என்பேன். அவர் என்னை "மல்லி" என்பார். தம்பி என்று பொருள்.

கூட்டமாக ஆட்களைச் சேர்த்து வழிகாட்டி வைத்து அழைத்துச் செல்லும் வழக்கத்தை ஆரம்பித்தவர் இங்கிலாந்தின் தோமஸ் குக் என்று பள்ளியில் படித்தேன். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக ஏறக்குறைய ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோவுக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். ஆனால் அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே நம் நாட்டில் ஒருவர் வழிகாட்டிகளோடு பிரயாணம் செய்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். மொறொக்கோ தேசத்து இபுன் பதூதா 1344ஆம் ஆண்டு நம் கரையில் இறங்கியபோது, அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. "உனக்கு என்ன வேண்டும்?" என்று மன்னர் கேட்க, "மலையிலுள்ள திருப்பாதத்தைத் தரிசிக்க வேண்டும்" என்றார் பதூதா. உடனே ஒரு பல்லக்கையும், வருடந்தோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தமது ஆட்கள் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் மன்னர் கூட்டி அனுப்பினார் என்று பதூதாவே எழுதி வைத்திருக்கிறார். சிவனொளிபாத மலைக்கு முஸ்லிம் பிரயாணி ஒருவரை யோகிகள் வழிகாட்டி அழைத்துப் போனார்கள்! நம் நாட்டுச் சுற்றுலாவின் கதையை இங்கிருந்து தொடங்குவதே எனக்குச் சரியென்று படுகிறது.

இன்று வழிகாட்டுதல் அனுமதிப் பத்திரம் பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். நாடு முழுவதற்கும் ஒரு பத்திரம், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் ஒன்று, சீகிரியா போன்ற ஒரே இடத்துக்கு ஒன்று, வண்டியும் ஓட்டி வழியும் காட்டுகிறவருக்கு ஒன்று எனப் பிரிவுகள் உண்டு. பயிற்சி பெற்றுத் தேற வேண்டும். 2024ஆம் ஆண்டில் மட்டும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் இங்கே வந்து போயினர். அவர்களில் எத்தனையோ பேர் நம் மாத்தளை றோட்டால்தான் போகிறார்கள். நம் பிள்ளைகள் றோட்டோரம் நின்று கைகாட்டுகிறோம். ஆங்கிலமும் சிங்களமும் தமிழும் தெரிந்த இளைஞர் இந்தச் சங்கத்திலேயே இருக்கிறீர்கள்; இந்தத் தொழிலை ஏன் ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இது இடையில் வந்த பேச்சு. விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தீவு பெரிய நாடன்று. வடக்கிலிருந்து தெற்கே 432 கிலோமீற்றர், அகலம் மிகுந்த இடத்தில் 224 கிலோமீற்றர். பாடசாலையில் இதன் படத்தை வரைந்து, தாழ்நிலத்துக்குப் பச்சையும், மேட்டுக்கு மஞ்சளும், மலைக்குக் கபிலமும் தீட்டச் சொல்வார் எங்கள் பூமிசாஸ்திர ஆசிரியர். நடுவில் கபிலக் கட்டி, சுற்றிலும் பச்சை. எனக்கு அது பரீட்சைப் படம், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் பூமிசாஸ்திரமே படிக்கத் தொடங்கிய பின்பும், கண்டிக்கு அப்பால் நான் கண்டது கொழும்பு மாத்திரமே. சீகிரியா நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பஸ் ஓட்டம். இருபத்திரண்டு வயது வரை நான் அதைப் பார்த்ததில்லை. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம்.

முதல் மூன்று நாளும் வரண்ட பிரதேசம். ஓகஸ்ட் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் வெறுங் காற்றாக வருகிறது. சீகிரியாவைச் சூழ்ந்த காடு சருகாய்க் கிடந்தது. குன்றின் மேல், ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனையின் அடித்தளங்களுக்கிடையே நின்று பார்த்தால், நான்கு திசையும் ஒரே மட்டமான காடு. தெற்கில் மட்டும் நீலமாக மலைத்தொடர். "மல்லி, அந்த மலைக்குப் பக்கத்தில்தானே நீ படிக்கிறாய்?" என்றார் சேர். ஆம் என்றேன். மின்னேரியாவில் குளம் வற்றி ஓரத்தில் புல் முளைத்திருந்தது. அந்தப் புல்லுக்காக யானைகள் கூட்டங்கூட்டமாக வந்திருந்தன. நூறுக்கு மேல் எண்ணியபின் நிறுத்திவிட்டேன். பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று கல்லால் ஆனது, ஆயிரம் வருஷம் ஆகியும் விமானத்தோடு நிற்கிறது. வானவன்மாதேவி ஈச்சரம் என்று அதற்குப் பெயர். ஈப்போவிலிருந்து வந்த பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது, வழிகாட்டியும் பேச்சை நிறுத்தி வெளியே காத்து நின்றார். வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பதும் அவர் தொழிலில் சேர்ந்தது என்று அன்று கண்டேன்.

திருகோணமலையில் ஞானசம்பந்தர் பாடிய கோணேசரைத் தரிசித்தோம். கோயிலுக்கு அப்பால் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பெருங்கடலை அவ்வளவு உயரத்திலிருந்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் தம்புள்ளை வழியாக மலையை நோக்கித் திரும்பினோம். அன்று நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாலந்தவில் ஒரு பழைய கற்கோயில் இருக்கிறது. நாலந்த கெடிகே என்பார்கள். அமைப்பு முழுவதும் திராவிடச் சிற்ப முறை. ஆனால் பௌத்தத் தலம். மகாவலித் திட்டத்தில் அந்த இடம் நீரில் மூழ்கும் நிலை வந்தபோது, கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து முன்போலவே அடுக்கினார்கள். பக்கத்தில் நீர் பரந்து கிடந்தது. சேர் அதைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: "நேற்று முன்தினம் பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தைப் பார்த்தீர்களே, மின்னேரியாக் குளத்தைப் பார்த்தீர்களே, அவற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மழை பெய்யும் மலையிலிருந்து மகாவலி கண்டிக்கு வருகிறது. பொல்கொல்லவில் அதை மறித்து, மலைக்குள்ளே ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வெட்டி, உக்குவளைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே 1976 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். பிறகு அந்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவத்தன்னவுக்கு வந்து, ஒரு பங்கு கலாவெவப் பக்கமும் மற்றது பொலன்னறுவைப் பக்கமும் போகிறது."

அன்பர்களே, நம் ஊர் மின்நிலையத்தை நான் பிறந்தது முதல் பார்த்து வருகிறேன். அங்கே விழும் நீர் அந்த வரண்ட பூமியில் நெல்லாகிறது என்று ஒருநாளும் எண்ணியதில்லை. சேர் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பெரியவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் மின்நிலையம் இருக்கிறது, அதன் வழியாக நீர் வருகிறது" என்றேன். உக்குவளை என்ற பெயரை விழுங்கிவிட்டேன். பெயரைச் சொன்னால் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அப்படியும் கேள்வி வந்தது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலை வணங்கிவிட்டு, வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் இறங்கினோம். கறுவா, ஏலம், சாதிக்காய், கொக்கோ எல்லாம் காட்டினார்கள். கூட்டத்தில் ஓர் அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஒரு மிளகுக் கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "தம்பி, உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்து என் வீடு நாலைந்து மைல். "கண்டிப் பக்கம் அம்மா" என்றேன்.

உக்குவளை எனக்கு வெட்கமா? இல்லை. எனக்கு வெட்கம் லயம். நான் வளர்ந்தது இறப்பர்த் தோட்டத்தில் எட்டுக் காம்பரா லயம் ஒன்றில் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மிசன் பாடசாலையில் சேர்ந்த நாள் முதல், "வீடு எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "டவுன்" என்றே சொல்லி வந்தேன். பத்து வயதில் பழகிய பொய் இருபத்திரண்டிலும் தானாக வாயில் வந்தது.

ஐந்தாம் நாள் கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறினோம். எண்பது கிலோமீற்றருக்குள் வேறொரு தேசம். கண்டியில் தென்னையும் பலாவும். வளைந்து வளைந்து ஏற ஏற அவை குறைந்து, மலையெல்லாம் கத்தரித்தது போன்ற தேயிலை. பிறகு பைன் மரமும் மூடுபனியும். 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா. நேற்று விசிறிக்கொண்டிருந்தவர்கள் இன்று கம்பளிச் சட்டை போட்டார்கள்.

வழியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாடுவது, உருளுவது, நொதிப்பது, உலர்வது எல்லாவற்றையும் காட்டினார்கள். ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் வந்த இலை நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவியதையும் சேர் அழகாகச் சொன்னார். நானும் தமிழில் சொன்னேன். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்த ஒரு தொரையா இம்புட்டு மலையிலயும் செடி நட்டாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. கேள்வியை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லாமல் விட்டேன்.

வெளியே, உல்லாசப் பிரயாணிகள் படம் எடுப்பதற்கென்று கூடையோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். அம்மா படம் எடுக்கவில்லை. கிட்டப் போய், "எந்த ஊரும்மா நீங்க?" என்று தமிழில் கேட்டார். அவர்கள் திகைத்துப் போனார்கள். ஒருத்தி தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். "அது இல்லம்மா, முன்னாடி?" "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க." அம்மா அவள் கூடையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவும் துறையூர்ப் பக்கந்தான்! பதினாறு வயசுல கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தாரு. பால் மரம் வெட்டுனாரு. நான் பொறந்ததே பால் மரக் காட்டுலதான்." இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள், பஸ்ஸில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் தாயாரும் பால் வெட்டுகிறவர். அதை அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு இரயில். பட்டிப்பொல நிலையம் 6,200 அடிக்கு மேல். நம் நாட்டில் அதைவிட உயரத்தில் இரயில் நிலையம் இல்லை. அதைத் தாண்டியவுடன் ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் சாரலும் மூட்டமும்; சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் வெயில், வரண்ட புல்வெளி, கீழே ஊவாவின் பள்ளத்தாக்குகள். பருவக்காற்று மலையின் ஒரு பக்கத்தில் மழையை விட்டுவிடுகிறது என்று எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அன்று அதை முகத்தில் உணர்ந்தேன். பாடப் புத்தகம் எழுதியவர் பொய் சொல்லவில்லை என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

அப்புத்தளைக்குக் கிட்ட ஒரு லயம் பாதையோரமாக வந்தது. தகரக் கூரை, இஸ்தோப்பில் காயும் துணி, கையசைக்கும் பிள்ளைகள். எல்லோரும் படம் எடுத்தார்கள். கூட்டத்திலிருந்த ஓர் இளைஞர், நல்ல மனிதர், என்னிடம் திரும்பி, "பாவம், ஒரு அறைக்குள்ள எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ! நீங்க உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா?" என்றார். "இல்லை" என்றேன்.

மிசன் பாடசாலையில் பேதுருவின் கதையைச் சொல்லித் தருவார்கள். தம் குருவைத் தெரியாதென்று ஒரே இரவில் மூன்று முறை மறுத்து, பிறகு சேவல் கூவக் கேட்டு அழுதவர் அவர். நமது சைவ மேடையில் இதைச் சொல்வதற்குப் பெரியோர் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பேதுருவாவது உயிருக்குப் பயந்து மறுத்தார். எனக்கு என்ன பயம்?

அன்று இரவு எல்லவில் விடுதித் திண்ணையில் சேரும் நானும் இருந்தோம். அவர் சொன்னார்: "மல்லி, விடுதிக்காரரிடம் கொடுக்க உன் அடையாள அட்டையை முதல் நாளே வாங்கினேன் அல்லவா? முகவரியைப் பார்த்தேன். நாலந்தவில் உக்குவளை என்று சொன்னேன். நீ தமிழில் சொன்னபோது அந்தச் சொல் என் காதில் விழவில்லை. தமிழ் தெரியாவிட்டாலும் ஊர்ப்பெயர் தெரியும்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்டிக்கவில்லை. "இருபத்திரண்டு வருஷமாக டெயிலரின் கதையைச் சொல்கிறேன். என் பயிற்சிப் புத்தகத்தில் அதுதான் இருந்தது. அதற்கு மேல் உள்ளது உங்கள் ஆட்களின் கதை. நான் சொன்னால் அரைகுறையாகத்தான் இருக்கும். நாளைக்கு வெல்லவாயவுக்கு இறங்கும்போது மைக்கை உன்னிடம் தருகிறேன்" என்றார்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

எல்லவிலிருந்து வெல்லவாய முப்பது கிலோமீற்றருக்கும் குறைவு. அதற்குள் மூவாயிரம் அடிக்குக் கிட்ட இறங்க வேண்டும். வழியில் இராவணன் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சி. அதைத் தாண்டியதும் சேர் மைக்கை நீட்டினார். முதலில் தமிழில் சொன்னேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

தேயிலைக்கு முன்பு கோப்பி இருந்தது. 1820களிலேயே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே, நாம் குளிர்ந்த பஸ்ஸில் வந்த தம்புள்ளை வழியாகவே, மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். தண்ணீர் இல்லாமலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். நேற்று நீங்கள் பார்த்த இரயில் பாதையிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். என் அப்பாயியின் அண்ணன் குடும்பம் அந்தக் கணக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் போயிற்று; அண்ணனும் தங்கையும் அதன் பின் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மிஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை தரும் சட்டம் 2003இல் தான் வந்தது. வந்து இருநூறு வருஷமானதை நினைத்து, 2023ஆம் ஆண்டு ஜூலையிலும் ஓகஸ்டிலும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியைக் கால்நடையாகவே நடந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "நாலாம் நாள் சேர் சொன்ன மின்நிலையம் இருக்கும் ஊரின் பெயர் உக்குவளை. அது என் ஊர். அங்கே ஒரு லயத்தில் என் வீடு. நேற்று இரயிலில் நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்று சொன்னது பொய். நான் அதற்குள்ளேயே பிறந்தவன். என் தாயார் பால் வெட்டுகிறார்" என்றேன்.

பஸ்ஸில் சிறிது நேரம் சத்தமில்லை. முந்திய நாள் கேள்வி கேட்ட இளைஞர் தம் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா பின்னாலிருந்து, "எத்தன மணிக்கு வெட்டுக்குப் போவாங்க உங்க அம்மா?" என்று கேட்டார். "விடியுமுன் அம்மா" என்றேன். "ஆமா, வெயில் ஏறுனா பால் நின்னுடும்" என்றார். அவ்வளவுதான். மற்றவர்கள் அதன் பிறகே பேசத் தொடங்கினார்கள். கேள்விகள் கதிர்காமம் வரை ஓயவில்லை.

எட்டாம் ஒன்பதாம் நாட்களைச் சுருக்கிவிடுகிறேன். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் நீராடி முருகனை வணங்கினோம். அங்கே இந்துவும் பௌத்தரும் ஒரே வரிசையில் பழத்தட்டோடு நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். முள்ளுக் காடும் உப்பளமும் கடந்து தென்கரையோரம் வந்தோம். தென்னையும் ஈரமும் மறுபடி தொடங்கின. காலிக் கோட்டையில் சேர் சொன்ன ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹோ பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஒரு கல்வெட்டு 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழியிலும் எழுதப்பட்டது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. "அந்தக் காலத்தில் இந்தக் கரைக்கு வருகிறவன் தமிழில் எழுதாமல் வர முடியாது போலிருக்கிறது" என்றார் சேர். பெரியவர்களுக்கு அதைச் சொன்னபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்!

வீடு திரும்பியபின் ஒரு காரியம் செய்தேன். கிடைத்த பணத்தில் மிச்சம் பிடித்து, அடுத்த மாதமே என் தாயாரையும் தங்கையையும் இரத்தோட்டை வழியாக றிவஸ்டனுக்குப் பஸ்ஸில் அழைத்துச் சென்றேன். நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற இடம். கீழே மாத்தளையில் புழுக்கம்; மேலே ஆளைத் தள்ளும் காற்று, மூடுபனி, குட்டை மரங்கள்; இன்னும் சிறிது போனால் பிட்டவல பத்தனப் புல்வெளி; அதற்கப்பால் பள்ளத்தில் வரண்ட காட்டின் தொடக்கம். ஒன்பது நாளில் பிறர் பார்த்துச் சென்றதில் பாதியை ஒரு பகலில் அங்கே பார்க்கலாம். அம்மா முப்பது வருஷமாக அந்த மலைத்தொடரைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டு பால் வெட்டியவர். முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதுவும் நம்ம மாத்தளதானா?" என்றார். நான் மலையின் பெயர்களையும், காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும், பொல்கொல்ல நீரின் வழியையும் சொன்னேன். தங்கைக்குச் சலிப்பாகிவிட்டது. அம்மா முழுவதையும் கேட்டார்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாங்கள் சுற்றிப் பார்த்து வியந்த மலைநாட்டில்தான் மண்சரிவு அதிகம். நம் மாவட்டமும் தப்பவில்லை. எங்கள் லயத்தின் பின்சுவர் வெடித்து, நாங்கள் சில நாள் பாடசாலைக் கட்டடத்தில் தங்கினோம். தொலைபேசி மறுபடி வேலை செய்யத் தொடங்கிய அன்றே ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது. அந்த அம்மாதான். "தம்பி, டீவியில மலை சரியிறதக் காட்டுனாங்க. உக்குவளை எப்படி இருக்கு?" என்றார். ஊரின் பெயரை அவர் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னார்.

எல்லோரும் சுகம் என்று சொல்லி, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். முன்பின் பார்த்திராத இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அம்மா, "மரமெல்லாம் நனஞ்சு கெடக்குங்க, பத்து நாளா வெட்டு இல்ல" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னார்களோ, "ஆமாங்க, ஆமாங்க, பட்ட காயணும்ல" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.